மோரிஸின் மூக்கு

மோரிஸ் இரண்டாம் கொதிகலனுக்கு முன்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார். கண்ணை மூடினார். முகத்தை மேலே தூக்கி மூன்று தரம் மூச்சை இழுத்தார்.

“காஸ்,” என்றார்.

நான் கூட்டுகிற தும்புத்தடியோடு பக்கத்தில் நின்றேன். காலை ஒன்பது மணி இருக்கும். வெளியே சைபருக்குக் கீழே இருபத்தெட்டு. அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமையோடு எனக்கு அங்கே ஆறு மாதம் முடிகிறது. முடிந்தால் வேலை நிரந்தரம்.

“அந்துவான், உனக்கு மணக்கேல்லையோ?”

என் பெயர் அந்தோனி. மோரிஸின் வாயில் அந்துவான். அவர் பேசியது கியூபெக் பிரெஞ்சு. அதை எனக்குத் தெரிந்த தமிழில்தான் எழுத முடியும். வெள்ளைக்காரன் எப்படி எங்கள் ஆட்களைப் போலக் கதைக்கிறான் என்று யாரும் ஆசிரியருக்குக் கடிதம் போட வேண்டாம்.

எனக்கு மணந்தது. நன்றாகவே மணந்தது. அது காஸ் இல்லை என்பதும் தெரிந்தது.

“இல்லை, ஷெஃப்,” என்றேன். அங்கே மேலாளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

கிழட்டு நிலையம்

மொன்றியலில் அது நகரசபைக்குச் சொந்தமான மின்நிலையம். ஒரு காலத்தில் தெருவிளக்கெல்லாம் அதில்தான் எரிந்ததாம். நான் போனபோது, இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் இருக்கும், அது கிழடாகிவிட்டது. தண்ணீர் ஏற்றும் பம்புகளுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுக்கும். மிஞ்சின நீராவி நிலத்துக்குக் கீழே குழாயில் போய் நூலகத்தையும் நீச்சல் குளத்தையும் தீயணைப்பு நிலையத்தையும் சூடாக்கும்.

மாகாணம் முழுக்க ஆற்றுத் தண்ணீரில் கரண்ட் எடுக்கும்போது இது எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். மோரிஸுக்குக் காது சிவக்கும்.

“ஐஸ் மழை பெய்து கம்பியெல்லாம் அறுந்து கிடக்கேக்கை ஆர் தண்ணி குடுத்தது? ஆறோ?”

அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

மூன்று கொதிகலன்கள். காஸில் ஓடும். காஸ் இல்லாவிட்டால் எண்ணெயில் ஓடும். எண்ணெய் என்றதும் காருக்கு ஊற்றுவதை நினைக்க வேண்டாம். இது கறுப்பு. குளிரில் பனங்கட்டிப் பாகு போல இறுகி நிற்கும். சூடாக்கிக் கெஞ்சினால்தான் நகரும். காஸிலிருந்து எண்ணெய்க்கு மாற இரண்டு மூன்று மணித்தியாலம் வேண்டும். அதற்குள் நீராவி இறங்கிவிடும்.

என் வேலை கூட்டுவது, கிறீஸ் போடுவது, மணிக்கு ஒரு தரம் மானிகளைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது. இலக்கம் எழுத ஐந்தாம் வகுப்புப் போதும். நான் படித்ததும் அவ்வளவுதான்.

அதற்கு முதல் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். சவுக்காரப் போத்தலுக்கு மூடி பூட்டினேன். துணித் தொழிற்சாலையில் பொதி தூக்கினேன். எங்கே போனாலும் ஒருநாள் ஒருவர் வந்து தோளில் தட்டி, “நாளைக்கு நீங்கள் வரத் தேவையில்லை,” என்பார். பதினொரு வருடத்தில் ஏழு தரம் கேட்டேன். பிரெஞ்சில் நான் முழுதாகக் கற்றுக்கொண்ட முதல் வசனம் அது.

நகரசபையில் நிரந்தரமாகிவிட்டால் அந்த வசனத்தை லேசில் சொல்ல முடியாது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

என் மனைவி றெஜினா மூன்று கிழமைக்கு முன்னரே கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளுக்காள் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள்.

“இன்னும் ஆகேல்லை,” என்றேன் வீட்டில்.

“மூண்டு கிழமைதானே. முந்திச் சொன்னால் என்ன, பழுதாகியே போயிடும்?”

மூக்கு

மோரிஸ் அங்கே முப்பத்தொரு வருடம். பெரிய தொந்தி, சின்னக் கண், நடுவே அந்த மூக்கு. மோட்டரில் பேரிங் காய்ந்தால் சத்தம் வருமுன் மணந்து சொல்வார். நேற்று யார் குடித்தது, என்ன குடித்தது என்பதும் தெரியும். என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே விடமாட்டார்.

“பொறு. கோழி. தேங்காய்ப்பால். அந்தக் கறுப்பு இலை.”

கறிவேப்பிலைக்கு அவர் வைத்த பெயர் அது. கறியில் கிடந்து கறுத்துப் போனதைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

ஒருநாள் றெஜினா டின் பலாக்காயில் கறி வைத்துத் தந்தாள். அவர் மணந்துவிட்டு “ஆடு” என்றார். திறந்து காட்டினேன். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். விழுங்கினார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு நான் அந்தக் கதையை யாருக்கும் சொல்லவில்லை என்பது தெரிந்து கதைத்தார். இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

நகரசபைக்கு ஒரு மூக்கை நம்பிக் காஸ் எரிப்பது சரியாகப் படவில்லை. காஸ் கசிந்தால் கண்டுபிடிக்கும் பெட்டிகள் பூட்ட ஒரு கம்பனியைப் பிடித்தார்கள். அந்தக் கம்பனி அனுப்பின ஆள் கார்த்திக். நாகர்கோவில் பக்கம், கடலோரம். சென்னையில் எஞ்சினியருக்குப் படித்து, இங்கே வந்து மேலே படித்தவன். முப்பது வயது. என்னைக் கண்டதும் நேரே வந்தான். ஊரைக் கேட்டான், பேரைக் கேட்டான், வேலையைக் கேட்டான். எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சொல்லில் பதில் சொன்னேன்.

“உங்ககிட்டப் பேசுறதுக்குக் காசு கேப்பீங்க போல,” என்றான்.

அன்றிலிருந்து ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அவன் பேசுவான். நான் சாப்பிடுவேன்.

பன்னிரண்டு பெட்டிகளைச் சுவரில் பூட்டினான். காஸ் இருந்தால் சிவப்பு எரியும், மணி அடிக்கும். இல்லாவிட்டால் பச்சை. குளிர்காலம் முடியும்வரை சோதித்துப் பார்ப்பது என்று பேச்சு. சரியென்றால் நகரசபையின் மற்றக் கட்டிடங்களுக்கும் அவனே பூட்டுவான். பிழைத்தால் கம்பனி அவனை வைத்திருக்காது. கம்பனி விட்டால் விசாவும் விடும்.

மோரிஸ் இடுப்பில் கை வைத்து எண்ணிப் பார்த்தார்.

“பன்னிரண்டு மூக்கு. ஒண்டுக்கும் சளி பிடியாதோ?”

“பிடிக்காது சார். அதான் விசேஷம்.”

“சளி பிடியாத மூக்கும் ஒரு மூக்கே?”

உப்பு

நான் மன்னார் ஆள். கருவாடு இல்லாத கிழமை எனக்குக் கிழமையில்லை. கடையில் விற்கிறது பிடிக்காது. எங்கள் வீடு வில்லரேப் பகுதியில், இரண்டாம் மாடி. கோடையில் ஒருதரம் பல்கனியில் நாலு மீன் காயப் போட்டேன். மேல்மாடி மனுஷி பொலிசைக் கூப்பிட்டாள். யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்று சொன்னாளாம். பொலிஸ் வந்து பார்த்தது. செத்தது மீன்தான் என்று எழுதிக்கொண்டு போனது.

மின்நிலையத்தில் இரண்டாம் கொதிகலனுக்கு மேலே ஓர் இரும்பு நடைபாதை உண்டு. ஏணியால் ஏற வேண்டும். மேலே நல்ல சூடு. காற்றாடி வீசும். கூரையில் காற்றுப் போக வழி. மோரிஸுக்கு முழங்கால் வருத்தம், ஏறமாட்டார். முதல் நாள் கூட்டப் போனபோதே எனக்கு விளங்கிவிட்டது. இதைக் கட்டினவன் எஞ்சினியராக இருக்கலாம். ஆனால் கருவாட்டுக்குத்தான் கட்டியிருக்கிறான்.

களவு என்று நினைக்கவில்லை. அங்கே எல்லாரும் கொதிகலனில் ஏதாவது வைப்பார்கள். மோரிஸே உருளைக்கிழங்கை ஈயத் தாளில் சுற்றி நீராவிக் குழாயில் வைப்பார். பத்து மணிக்கு வைத்தால் பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு அவிந்துவிடும். அவருடைய காலுறையும் அதே குழாயில்தான் காயும். உருளைக்கிழங்கை எனக்கும் தருவார். நான் வேண்டாம் என்பேன்.

மூன்று தரம் மீன் காயவைத்தேன். மணம் கூரையால் போய்விடும். ஒருவருக்கும் தெரியாது. றெஜினாகூடக் கடைக் கருவாட்டைவிட நல்லது என்றாள். அவள் யாழ்ப்பாணம். மன்னார்க் கருவாட்டை அவள் வாயால் நல்லது என்று சொல்ல வைத்தது அந்தக் கொதிகலன்தான்.

நாலாம் தரத்துக்கு முன் டொக்டர் எனக்குப் பிரசர் என்றார். உப்பைப் பாதியாக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் றெஜினா உப்புப் பேணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஜோன்-தலோன் சந்தையில் எட்டு மக்கரல் வாங்கினேன். நல்ல கொழுப்பு மீன். கீறி விரித்துக் கொடுத்தேன். உப்புத் தடவினது அவள்.

“உந்த உப்புக் காணாது,” என்றேன்.

“காணும்.”

“றெஜினா, கருவாட்டுக்கு உப்பை அளக்கிறேல்லை.”

“அப்ப உங்கடை பிரசரை ஆர் அளக்கிறது? டொக்டர் எல்லாத்திலையும் பாதி எண்டுதானே சொன்னவர்.”

“டொக்டர் சாப்பாட்டுக்குச் சொன்னவர்.”

“இது என்ன, சாப்பாடில்லாமல் மாலையே? கழுத்திலை போடப் போறியளோ?”

நான் அடுத்த மீனை எடுத்து நீட்டினேன். 

பிரசருக்காக உப்புக் குறைத்த கருவாடு. உலகத்தில் அதற்கு முன் ஒருவரும் போட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தோம்.

திங்கள் காலை கொண்டுபோய்க் கம்பியில் கொழுவினேன். செவ்வாய் பின்னேரம் குளிர் கடுமையானது. கூரை வழிகளை மூடச் சொன்னார் மோரிஸ். கீழே நின்று சங்கிலியை இழுத்தால் மூடும். இழுத்தது நான்தான். இழுக்கும்போது மேலே எட்டு மக்கரல் தொங்குவது நினைவில் வரவில்லை.

பன்னிரண்டு பச்சை

அதுதான் புதன் காலையில் மோரிஸ் மணந்தது. உப்புக் குறைந்த மீன் இரவுக்குள் அழுகிவிட்டது; கசிந்தால் தெரியட்டும் என்று காஸிலும் ஓர் அழுகல் மணத்தைத்தான் கலந்து விடுவார்கள்.

கார்த்திக் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பன்னிரண்டு பெட்டியையும் சுற்றிப் பார்த்தான்.

“சார், எல்லாம் பச்சை. காஸ் சைபர்.”

“உன்ரை பெட்டியளுக்குச் சளி பிடிச்சிட்டுது.”

“சார், ஒண்ணு கெட்டுப் போகலாம். பன்னெண்டும் ஒரே நாள்ல கெடுமா?”

“ஒரே கடையிலை வாங்கினால் கெடும்.”

கார்த்திக் மறுமொழி சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான் மூச்சை இழுத்தான் போல. வாய் திறந்தபடி நின்றது. மேலே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மெல்ல என் பக்கத்தில் வந்தான்.

“அண்ணா.”

“ம்.”

“மேல என்ன இருக்கு?”

“குழாய்.”

“அண்ணா, நான் நாகர்கோவில்.”

நான் கூட்டத் தொடங்கினேன்.

“நெத்திலியா?”

“மக்கரல்.”

“உப்பு பத்தல.”

“தெரியும்.”

அவன் தலையைச் சொறிந்தான். “வெள்ளிக்கிழமைதானே உங்களுக்கு பெர்மனென்ட்?”

“ஓம்.”

“சரி. நான் எதையும் மோந்து பாக்கல.”

மோரிஸ் அதற்குள் பெரிய வால்வைச் சுற்றி மூடிக்கொண்டிருந்தார். காஸ் மணந்தால் மூடிவிட்டு எண்ணெய்க்கு மாற வேண்டும். அது சட்டம். மணந்தது யார் என்று சட்டத்தில் இல்லை. நெருப்பு அணைந்தது. ஆறு மாதமும் என் காதில் இரைந்துகொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. மோரிஸ் மூச்சு விடுவது எனக்கு அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

எண்ணெயைச் சூடாக்கத் தொடங்கினோம். அது அசையவில்லை. மானியில் முள் இறங்கியது. நான் கொப்பியில் எழுதினேன். 

தொலைபேசி அடித்தது. நீச்சல் குளத்தில் வயதான பெண்களின் வகுப்பைக் கரையேற்றிவிட்டார்களாம். நூலகத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு படிக்கிறார்களாம். காஸ்காரரைக் கூப்பிட்டோம். ஊரெல்லாம் குளிரில் பழுது, பின்னேரம்தான் வரமுடியும் என்றார்கள்.

பதினொன்றுக்கு மேலதிகாரி அம்மா வந்தார். நகரசபைக் கட்டிடங்களெல்லாம் அவருடைய பொறுப்பு. நாங்கள் மதாம் என்போம். நீளக் கோட்டு, மூக்குக் கண்ணாடி. உள்ளே வந்தார். இரண்டடி வைத்தார். கையுறையால் மூக்கைப் பொத்தினார்.

“மோரிஸ் சொன்னது சரி,” என்றார்.

மோரிஸ் தொப்பியை நிமிர்த்தினார். பெரிய தேர்தலில் வென்றவர் போல நின்றார்.

மதாம் சுவரில் இருந்த பச்சை விளக்குகளைப் பார்த்தார். பிறகு கார்த்திக்கைப் பார்த்தார்.

“வாசலிலை நிண்டாலே மணக்குது. உங்கடை பெட்டி ஒண்டுக்கும் தெரியேல்லை.”

“மதாம், பெட்டி சரியாத்தான் வேலை செய்யுது.”

“அப்ப இந்த மணம் என்ன?”

கார்த்திக்குக் காலுக்குக் கீழே சீமெந்துத் தரையில் ஏதோ எழுதியிருந்தது போல. அதையே பார்த்தான். என் பக்கம் திரும்பவில்லை. ஒருதரம் திரும்பியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபத்தோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேன். அவன் திரும்பவேயில்லை.

“எல்லாத்தையும் கழட்டுங்கோ,” என்றார் மதாம். “நாளைக்கு நீங்கள் வரத் தேவையில்லை.”

அந்த வசனம் எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவனுக்குச் சொல்லும்போது அன்றுதான் கேட்டேன்.

ஏணி

தரை கழுவும் வாளியை எடுத்தேன். ஏணியில் ஏறினேன். இருபத்திரண்டு படி. மேலே போனதும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எட்டையும் கழற்றி வாளியில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மேசையில், மதாமுக்கு முன்னால் வைத்தேன்.

பிரெஞ்சில் மீனுக்குச் சொல் தெரியும். காயவைப்பதற்குத் தெரியாது.

“மீன்,” என்றேன். “என்ரை மீன். காஸ் இல்லை. பெட்டி சரி.”

ஆறு மாதத்தில் நான் அங்கே பேசின நீளமான பேச்சு அது.

மதாம் மூன்றடி பின்னால் போனார். மோரிஸ் மூன்றடி முன்னால் வந்தார். வாளிக்கு மேலே குனிந்தார். மணந்தார். நிமிர்ந்து ஏணிப் பக்கம் பார்த்து மணந்தார். திரும்பவும் வாளியை மணந்தார். முகம் கழுத்துவரை சிவந்தது.

“இதுதான்,” என்றார். குரல் சின்னதாக இருந்தது.

 நான் செய்ததில் எனக்கு வெட்கம் வந்தது அந்த இடத்தில்தான். வேலை போவது ஒன்று. முப்பத்தொரு வருட மூக்கை எட்டு மக்கரலால் அடிப்பது வேறொன்று.

கார்த்திக் தொண்டையைச் செருமினான்.

“சார், உங்க மூக்கு பொய் சொல்லல. ஏதோ கெட்டுப் போச்சுன்னுதான் சொல்லிச்சு. கெட்டுத்தான் போயிருக்கு.”

மோரிஸ் அவனைப் பார்த்தார். 

“உன்ரை பன்னிரண்டுக்கும் இது தெரியேல்லை.”

“அதுங்க மீன் சாப்பிடாது சார்.”

மோரிஸின் தொந்தி முதலில் குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது.

மதாம் சிரிக்கவில்லை. “பெட்டியளைக் கழட்ட வேண்டாம்,” என்று கார்த்திக்கிடம் சொன்னார். மோரிஸிடம் காஸைத் திறக்கச் சொன்னார். என்னிடம் வாளியை வெளியே கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோய்ப் பனிக்குள் வைத்தேன். வெளியே ஐந்து நிமிடம் நின்றேன். குளிர் நல்லது. நினைப்பை நிற்பாட்டும். உள்ளே நெருப்பு மூண்ட சத்தம் கேட்டதும் திரும்பிப் போனேன்.

தாள்

மதாம் கோட்டோடு மேசைக்கு முன்னால் அமர்ந்திருந்தார்.

“இவர் நிரந்தரமோ?”

“வெள்ளியோடை ஆறு மாதம்,” என்றார் மோரிஸ்.

“அவரின்ரை தாளை எடுங்கோ. இப்பவே நிரப்புங்கோ. எனக்கு முன்னாலை.”

ஒவ்வொரு புது ஆளுக்கும் மேலாள் நிரப்பும் தாள் அது. அதில் மதாமின் கையெழுத்து விழுந்தால்தான் நிரந்தரம். நான் அதற்கு முன் கண்டதில்லை. மோரிஸ் கண்ணாடியைப் போட்டார். பெருவிரல் எண்ணெய் மேல் மூலையில் பதிந்தது. ஒவ்வொரு கேள்வியாகச் சத்தமாக வாசித்தார். கார்த்திக் பின்னால் நின்று எனக்குத் தமிழில் சொன்னான்.

நேரத்துக்கு வருகிறாரா? ஓம் என்ற சின்னப் பெட்டியில் புள்ளடி போட்டார்.

சொன்ன வேலையைச் செய்கிறாரா? ஓம்.

மற்றவர்களோடு ஒத்துப் பேசுகிறாரா? மோரிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஒத்துத்தான். பேச்சுத்தான் இல்லை.” ஓம்.

கடைசிக் கேள்வி. தவறு நடந்தால் உடனே அறிவிக்கிறாரா?

மோரிஸ் பேனையைக் கீழே வைத்தார்.

நானும் ஒன்பது மணியிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ‘இல்லை, ஷெஃப்’ என்று சொன்னது. குழாய் என்று சொன்னது. கொப்பியில் இறங்குகிற இலக்கங்களை எழுதிக்கொண்டு நின்றது. இல்லை என்ற பெட்டி அந்த ஓம் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதில் புள்ளடி போட்டிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

மோரிஸ் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பேனையை எடுத்தார். கேள்விக்குள் அச்சடித்திருந்த ‘உடனே’ என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டினார். அதற்கு மேலே சின்ன எழுத்தில் ஏதோ எழுதினார். பிறகு ஓம் பெட்டியில் புள்ளடி போட்டார்.

“என்ன எழுதினவர்?” என்று கேட்டேன்.

கார்த்திக் எட்டிப் பார்த்தான்.

“‘சாப்பாட்டு மணிக்கு முன்னாடி’ன்னு எழுதியிருக்கார் அண்ணா.”

மதாம் தாளைக் கையில் வாங்கினார். அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“வாளி மேசைக்கு வரேக்கை மணி எத்தினை?”

“பதினொண்டு நாப்பது,” என்றார் மோரிஸ்.

மதாம் கையெழுத்துப் போட்டார்.